பன்னிரண்டு ஃபேன்களும் சுற்றின

இல்லை, நாங்கள் தோழிகள் அல்ல. ஒரு மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. ஒரு கல்யாணத்துக்குச் சேர்ந்து போனதில்லை. எங்கள் கார் கம்பெனி லைனின் வாட்ஸ்அப் குழுவில் இருந்த எண்தான் என்னிடம் இருந்த எண்.

அந்தக் குழுவில்தான் செய்தி வந்தது. காலை ஆறே கால். கம்பெனி பஸ் குன்றத்தூரைத் தாண்டிக்கொண்டிருந்தது. "ரீவொர்க் தேவகி தவறிட்டாங்க" என்று ஒரு வரி. அடுத்த வரியில் வேறு யாரோ: "எந்த தேவகி?" அதற்கு அடுத்த வரி: "ஃபேன் தேவகி."

பஸ்ஸில் பாதிப்பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் புது பேட்ச். என் கைபேசியை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "அதென்னக்கா, ஃபேன் தேவகி?"

அவளுக்காகவும் எழுதுகிறேன். தெரிந்தவர்களுக்காகவும். உங்களில் சிலர் அன்று யார்டில் நின்றீர்கள். நான் தவறாகச் சொன்னால் திருத்துங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். எழுந்திருக்கவில்லை. முப்பத்தெட்டு வயது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இப்படி எழுதப்படும் குறிப்புகளில் இறந்தவர்கள் எல்லோரும் பொறுமைசாலிகள் ஆகிவிடுகிறார்கள். தேவகி அக்கா பொறுமைசாலி அல்ல. யாருக்கும் எதையும் கற்றுக்கொடுத்தவரும் அல்ல. "பாத்துகினு நில்லு, புரிஞ்சா புரியட்டும்" என்பார். பார்த்துக்கொண்டு நின்றால், "இன்னா வேடிக்கை?" என்பார்.

ஒரகடத்துக்குப் பக்கத்துக் கிராமம். ஐடிஐயில் ஒயர்மேன் படித்தவர். லைன் முடியும் இடத்தில், குறையோடு வரும் வண்டிகளைச் சரிசெய்யும் ரீவொர்க் பகுதியில் மின்சார வேலை. முன்பு இங்கே அவர்கள் குடும்பத்துக்கு நிலம் இருந்தது என்று யாரோ சொல்ல, நான் ஒருமுறை உருக்கமாகக் கேட்டேன். வருத்தமாக இல்லையா அக்கா?

"எங்கப்பா வேர்க்கடலை போட்டாரு. மழ வந்தாலும் பயம், வராட்டியும் பயம். நான் நெழலுல நின்னுகினு கார் பாக்கறேன். இன்னா வருத்தம்?"

பல்கலைக்கழகத்தில் படித்த கவிதைகளெல்லாம் அந்த ஒரு பதிலில் என்னைவிட்டு இறங்கிப் போயின.

நான் தரப் பிரிவில் இருக்கிறேன். என் வேலை எழுதுவது. ஒரு வண்டியில் குறை வந்தால், என்ன குறை, என்ன காரணம், என்ன செய்தோம் என்று மூன்று கட்டங்கள் கொண்ட ஒரு தாளை நிரப்ப வேண்டும். இலக்கியம் படித்தவளுக்கு இது போதாத வேலை என்று முதல் வருடம் நினைத்தேன். அக்கா என்னை 'ரைட்டரு' என்று அழைத்தார். அதில் மரியாதை இல்லை.

இரண்டு வருடங்களுக்கு முன். ஆயுத பூஜை முடிந்து மூன்று வாரம். மழை பிடித்துக்கொண்டிருந்தது. முடிந்த வண்டிகள் நிற்கும் யார்டில், டிரெய்லரில் ஏற்றுவதற்கு முன் கடைசி ஆய்வு நடக்கும். வண்டியை ஓடவிட்டு ஏசியைப் போடுவார்கள். ஏசி போட்டால் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்ற வேண்டும். ஐந்து வண்டிகளில் சுற்றவில்லை. எஞ்சின் சூடு ஏறிக்கொண்டே போனது.

ஐந்தையும் ரீவொர்க்குக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வாரம் முதல் மூன்று நாள் அக்கா லீவு. மற்றவர்கள் பார்த்தார்கள். ஃபியூஸ் நன்றாக இருந்தது. மின்சாரத்தை ஃபேனுக்குத் திறந்துவிடும் ரிலே 'டக்' என்றது. பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்தால் மோட்டார் சுற்றியது. ஒயர்களை மீட்டரில் வைத்தால் மீட்டர் கூவியது, எங்கும் அறுபடவில்லை என்று அர்த்தம். கடைசியில் ஃபேனின் கனெக்டரை, அதாவது ஒயர் முனையின் பிளக்கை, கழற்றி மறுபடி மாட்டினார்கள். ஃபேன் சுற்றியது. ஐந்து வண்டியிலும் அப்படியே.

ஆகவே கனெக்டர் சரியாக மாட்டப்படவில்லை. ஆகவே மாட்டியவர் தவறு. மாட்டியவர் யார் என்று பார்த்தார்கள். ஐந்துமே ஒரே ஷிப்ட், ஒரே ஸ்டேஷன். முத்துமாரி.

தாளின் இரண்டாம் கட்டத்தில் நான் எழுதினேன். 'காரணம்: கனெக்டர் முழுமையாக அழுத்தப்படவில்லை. ஆபரேட்டர் தவறு.'

நல்ல வாக்கியம். குறைவான சொற்கள். எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

முத்துமாரி சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். டிரெய்னி. சுங்குவார்சத்திரத்தில் ஒரு அறையில் ஆறு பேரோடு இருந்தாள். டிரெய்னியின் பெயரில் இப்படி ஒரு தாள் வந்தால் ஒப்பந்தம் அதோடு சரி. சனிக்கிழமை கடைசி நாள் என்று சொல்லிவிட்டார்கள். ஊரில் அவள் அண்ணன் ஒரு மாப்பிள்ளையைப் பேசி வைத்திருந்தான். வேலை நிரந்தரமாகட்டும் என்று சொல்லியே ஒரு வருடமாக அதைத் தள்ளிக்கொண்டிருந்தாள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். எழுதும்போது அவள் முகம்கூடத் தெரியாது.

வியாழக்கிழமை அக்கா வேலைக்கு வந்தார். பத்து மணிக்கு என் மேஜை முன் நின்றார். கையில் அந்தத் தாளின் நகல். பிடித்த இடத்தில் கிரீஸ் கறை.

"ரைட்டரு. இது நீ எழுதினதா?"

"ஆமாங்க்கா."

"கனெக்டர் உள்ள போலன்னு எழுதிகிற. பாத்தியா?"

"ரீவொர்க்ல சொன்னாங்க."

"சொன்னாங்க. சரி. நீ பாத்தியா?"

"இல்ல."

"அப்ப கதை. நல்லாத்தான் கீது. ஒரு பொண்ணு வேலைய முழுங்கற கதை."

சத்தமாகச் சொல்லவில்லை. பக்கத்து மேஜைக்காரர் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதோ சொன்னேன். விதிமுறை, படிவம், அப்படி ஏதோ. அவர் அதைக் கேட்கவில்லை. தாளைத் திருப்பி மேஜையில் வைத்துவிட்டு, "நாளைக்கு எட்டு மணிக்கு யார்டுக்கு வா. ஷூ போட்டுகினு வா" என்றார்.

அன்று மதியம் கேன்டீனில் அவர் முத்துமாரியைத் தேடிப் பிடித்தார். நான் இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்தேன். அவள் சாப்பாட்டைத் தொடவில்லை.

"ஏய் மாரி, கனெக்டர எப்டி மாட்டுவ?"

"தள்ளுவேன், சத்தம் கேப்பேன், இழுத்துப் பாப்பேன்."

"லைன் வேகமா ஓடுது. சத்தம் கேக்கல. இன்னா பண்ணுவ?"

"எக்கா, சத்தம் கேக்கலன்னா என் கை விடாதுக்கா. அறையில குக்கர் மூடியக்கூட இழுத்துப் பாத்துட்டுதான் விடுதேன். பிள்ளைங்க சிரிக்குதுவ."

அக்கா அவள் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்துக் கடித்தார். "சரி. நீ சாப்டு. பொட்டி கட்டாத."

வெள்ளிக்கிழமை. மழை விட்டிருந்தது. யார்டில் வரிசை வரிசையாக வண்டிகள், எல்லாம் நனைந்து. அக்கா ஐந்து வண்டிகளில் முதல் வண்டியைத் திறந்தார். சரிசெய்து முடித்தாயிற்று என்று நான் கையெழுத்துக்கு அனுப்பிய வண்டி. எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போட்டார்.

ஃபேன் சுற்றவில்லை.

அக்காவுக்கு முகம் மலர்ந்தது.

"பாத்தியா. மூணு நாளு முன்ன மாட்டினாங்க, சுத்துச்சு. இப்ப சுத்தல. கனெக்டர்தான் வியாதின்னா, மாட்டினப்புறம் எதுக்கு மறுபடியும் படுத்துக்குது?"

பிறகு அவர் செய்ததைப் புரியும்படி சொல்ல முயல்கிறேன். ஃபேனுக்கு மின்சாரம் போக ஒரு ஒயர். திரும்பி வர ஒரு ஒயர். திரும்பி வரும் ஒயருக்கு எர்த் என்று பெயர். அதன் முனையில் மோதிரம்போல ஒரு வளையம் இருக்கும். அந்த வளையத்தை ஹெட்லைட்டுக்குப் பின்னால் வண்டியின் உடம்போடு சேர்த்து போல்ட் போட்டு முடுக்குவார்கள். ரீவொர்க்கில் எல்லோரும் மீட்டர் வைத்துப் பார்த்தது இந்த ஒயர்களைத்தான். மீட்டரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னது.

அக்கா மீட்டரை எடுக்கவில்லை. பையிலிருந்து ஒரு பழைய ஹெட்லைட் பல்பை எடுத்தார். இரண்டு ஒயர் பற்றவைத்தது. ஃபேனின் கனெக்டரைக் கழற்றி, ஃபேன் இருக்க வேண்டிய இடத்தில் பல்பைக் கோத்தார். பல்பு ஊதுபத்தி முனைபோலச் சிவந்தது. அவ்வளவுதான். பிறகு எர்த் பக்கத்து ஒயரை மட்டும் எடுத்து, நேராகப் பேட்டரியின் நெகட்டிவில் வைத்தார். பல்பு கண் கூச எரிந்தது.

"மீட்டரு ஒரு சொட்டு கரண்ட்தான் அனுப்பும். ஒரு சொட்டு எந்த சந்துலயும் பூந்துடும். ஃபேனு கொடம் கொடமா கேக்கும். அப்பதான் தெரியும் வழி அடச்சிகினு கீதுன்னு." பல்பை அணைத்தார். "சும்மா கெடக்கறப்போ எல்லா ஒயரும் நல்ல ஒயருதான் ரைட்டரு."

இதை நான் கையில் எழுதிக்கொண்டேன். பேனாவால், உள்ளங்கையில். அவர் பார்த்துவிட்டு, "பைத்தியம்" என்றார்.

எர்த் போல்ட்டைக் கழற்றினார். நன்றாகத்தான் முடுக்கியிருந்தது. வளையத்தைத் திருப்பினார். வண்டியின் உடம்பைத் தொடும் பக்கத்தில் ஒரு பொருக்கு. மஞ்சளும் பழுப்புமாக, ஓரங்களில் துருவோடு. நகத்தால் சுரண்டினார். முகர்ந்து பார்த்தார்.

எங்கோ ஒரு டிரெய்லர் பின்னால் வரும் 'பீப் பீப்' சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு வளையத்தை என் மூக்கருகே நீட்டினார்.

சந்தனம்.

"யாருக்கா இத..."

"நான்தான்."

ஆயுத பூஜையன்று பிரஸ்ஸுக்கும் ரோபோவுக்கும் ஆண்கள் மாலை போடுவார்கள். பொட்டு வைப்பார்கள். ஃபேன் பொருத்தும் ஸ்டேஷனில் எல்லோரும் பெண்கள். எங்கள் ஸ்டேஷனுக்கு யாருமே வருவதில்லை என்று அவர்கள் குறைப்பட, அந்த வருடம் தேவகி அக்கா ஒரு கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு போயிருக்கிறார். அங்கே ஒரு ஸ்டாண்டு உண்டு. அதில் பன்னிரண்டு முளைகள். ஒவ்வொரு முளையிலும் ஒரு வண்டிக்கான ஒயர்க்கட்டை, அதன் எர்த் வளையத்தை மாட்டித் தொங்கவிடுவார்கள். முளையின் அடியில் ஒரு சிறிய தட்டு. வளையம் அதன்மேல் உட்காரும். அந்தப் பன்னிரண்டு தட்டுகளிலும் அக்கா விரலால் தாராளமாகச் சந்தனம் வைத்திருக்கிறார். கஞ்சத்தனம் இல்லாமல். பூஜை முடிந்து லைன் ஓடத் தொடங்கியபோது சந்தனம் காயவில்லை. அந்த ஷிப்டில் அந்த ஸ்டேஷனில் நின்றவள் முத்துமாரி.

ஈரமாக இருந்தவரை வண்டிகள் எல்லா சோதனையிலும் தேறின. பிறகு அது காய்ந்தது. மழையில் நமுத்துத் துருவையும் சேர்த்துக்கொண்டது. கனெக்டரைப் பிடித்து இழுக்கும்போது ஒயரும் அசையும், பொருக்கில் வெடிப்பு விழும், ஃபேன் சுற்றும். மூன்று நாளில் மறுபடி மூடிக்கொள்ளும்.

நான் அப்போது சொன்னதை எழுதாமல் விட முடியாது. நான் சொன்னேன்: "அக்கா, உப்புத்தாள் போட்டுத் தேச்சிடலாம். காரணம் துருன்னு எழுதிடறேன். துரு இருக்குதான?"

பொய்கூட இல்லை அது. பாதி உண்மை.

"துருன்னு எழுதினா, போல்ட்ட சரியா முடுக்கல, அதான் தண்ணி பூந்துச்சும்பாங்க. போல்ட் முடுக்கினது யாரு? மறுபடியும் அவதான். வண்டி ஊருக்குப் போவும், மாரியும் ஊருக்குப் போவா." வளையத்தைக் காகிதத்தில் மடித்து மேல்பையில் வைத்தார். "வா."

அந்த மாதம் அவருக்கு டீம் லீடர் பதவி வருவதாக இருந்தது. ரீவொர்க்கில் முதல் பெண் டீம் லீடர். லைன் முழுக்கத் தெரிந்த விஷயம். நடக்கும்போது அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் இருவருடைய ஷூவும் ஈரத்தில் கிறீச்சிட்டன.

பிரிவு மேலாளர் வரதன் சார் நல்ல மனிதர்தான். அவர் அறைக் கதவருகே முத்துமாரி நின்றிருந்தாள். வேலையிலிருந்து நிற்பதற்கான கடைசிக் கையெழுத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள் போல. அக்கா காகிதத்தைப் பிரித்து வளையத்தை மேஜையில் வைத்தார். நடந்ததைச் சொன்னார். நான்கு வாக்கியங்களுக்கு மேல் இருக்காது.

வரதன் சார் வளையத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். சுவரில் இருந்த சாமி படத்தையும் ஒரு தடவை பார்த்தார்.

"ஏம்மா, பூஜைக்குச் சந்தனம் வெச்சதுக்கா கார் நிக்கும்?"

"சாமி கோச்சுக்காது சார். எர்த் கோச்சுக்கும்."

அவர் சிரிக்கவில்லை. "இந்தப் பொண்ணக் காப்பாத்தணும்னு பேசுற. புரியுது. ஆனா ஒரு வண்டியில அழுக்கு இருந்தா, அஞ்சுலயும் அதான்னு எப்டி ஒத்துக்கறது?"

"அஞ்சு இல்ல சார். பன்னண்டு."

அக்கா மேஜையருகே நகர்ந்தார்.

"பன்னண்டு முள. அன்னிக்கு மொத சுத்துல தொங்கின பன்னண்டு வண்டி. அஞ்சு உங்களுக்குத் தெரியும். மீதி ஏழு யார்டுல நிக்குது, இன்னும் யாரும் ஏசி போட்டுப் பாக்கல. நம்பர் சொல்லட்டா?" ஷிப்ட் பதிவேட்டிலிருந்து எடுத்த ஏழு எண்களைச் சொன்னார். பார்க்காமல் சொன்னார். "ஏழும் படுத்துகினுதான் இருக்கும். பதிமூணாவது வண்டி சுத்தும். என் சந்தனத்த மொத பன்னண்டு பேரே வழிச்சிகினு போயிட்டாங்க. நான் சொன்னதுல ஒண்ணு தப்புன்னாலும் மாரி கையெழுத்து போடட்டும், நானும் போடறேன்."

முத்துமாரி, "எக்கா, வேண்டாம்க்கா" என்றாள்.

"நீ கம்முனு இரு."

நாங்கள் ஐந்தாறு பேர் யார்டுக்குப் போனோம். போகும் வழியில் பத்துப் பன்னிரண்டு பேர் ஆகிவிட்டோம். டீ இடைவேளை. செய்தி எப்படிப் பரவியது என்று எனக்குத் தெரியாது. ஸ்டேஷன் பெண்கள் தலையில் தொப்பியோடு, கையில் டீ கப்போடு வந்து நின்றார்கள்.

முதல் வண்டி. ஏசி. சுற்றவில்லை.

இரண்டாவது. சுற்றவில்லை.

மூன்றாவது வண்டியில் ஃபேன் அசைந்தது. அசைந்து, இரண்டு சுற்று சுற்றி, சோர்ந்து நின்றது. யாரோ பின்னால், "அதுக்கு சந்தனம் கம்மியா வெச்சிருப்பாங்க போல" என்றாள். சிரிப்பு.

நான்கு. ஐந்து. ஆறு. ஏழு. ஒன்றும் இல்லை.

அக்கா பதிமூன்றாவது வண்டியின் அருகில் போய் நின்றார். தானே ஏறாமல், சாவியை வரதன் சாரிடம் கொடுத்தார். அவர் உட்கார்ந்து ஏசியைப் போட்டார். ரிலே 'டக்' என்றது. ஃபேன் எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் சுற்றியது. பானெட் மேல் தேங்கியிருந்த மழைத்தண்ணீர் நடுங்கியது.

வரதன் சார் இறங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் பேப்பரக் கிழிங்க" என்றார். என்னிடம்தான் சொன்னார்.

கிழித்தேன். பிறகு தெரிந்தது, நகல் வேறு கோப்பில் இருக்கிறது, அதையும் ரத்து செய்ய மூன்று படிவம் வேண்டும் என்று. அதையெல்லாம் மதியம் செய்தேன். அந்த நிமிடத்தில் கிழித்தது போதுமானதாக இருந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் 'ஃபேன் தேவகி' என்ற பெயரின் காரணம். பன்னிரண்டு வண்டிகளையும் இரண்டு வரிசையாக, எதிரெதிரே நிறுத்தினார்கள். எல்லா பானெட்டும் திறந்திருந்தன. அக்கா உப்புத்தாளோடு ஒவ்வொன்றாகப் போனார். வளையத்தைக் கழற்றி, தேய்த்து, பளபளவென்று ஆனதும் காட்டி, போல்ட்டை முடுக்கினார். ஐந்தாவது வண்டியில் உப்புத்தாளை முத்துமாரியிடம் நீட்டினார். "இந்தா. என் பாவத்த நீயும் கொஞ்சம் தேய்." அவள் அழுதுகொண்டே தேய்த்தாள். போல்ட்டை முடுக்கிய பிறகு ஒயரை இழுத்துப் பார்த்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் கை அதைத் தானாகச் செய்தது.

கடைசி வண்டியும் முடிந்தது. ஆளுக்கொரு வண்டியில் ஏறினோம். எனக்கும் ஒன்று கிடைத்தது. "போடு" என்றார் அக்கா. பன்னிரண்டு ஏசி. பன்னிரண்டு 'டக்'. பன்னிரண்டு ஃபேன்களும் ஒன்றாகப் பிடித்தன. யார்டில் காற்றே இல்லாத ஒரு காலை அது. நடுவில் நின்றிருந்த அவருடைய சட்டைக் கை படபடத்தது. டீ கப்புகள் உருண்டோடின. ஒரு தொப்பி பறந்தது. பெண்கள் கத்தினார்கள், விசில் அடித்தார்கள். ஃபேன்களின் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. அக்கா இடுப்பில் கை வைத்து ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தார், வரிசையின் கடைசிவரை. பிறகு கட்டைவிரலால் தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நெற்றியில் கிரீஸ் ஒட்டியது.

வாழ்க்கையில் நான் ஒரு வெற்றியை நேரில் பார்த்தது அன்றுதான். படிக்கவில்லை, பார்த்தேன்.

அவருக்கு மெமோ வந்தது. டீம் லீடர் பதவி அந்த வருடம் வரவில்லை. அடுத்த வருடம் வந்தது. மெமோவை அவர் கேன்டீனில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டியதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். "இனிஷியலோட என் முழுப் பேரு போட்டுகிறாங்க. இன்க்ரிமென்ட் லெட்டர்லகூட இவ்ளோ மரியாத இல்ல." அடுத்த ஆயுத பூஜைக்கு மறுபடி கிண்ணத்தோடு வந்தார். ஸ்டாண்டின் கால்களில் மட்டும் பொட்டு வைத்தார். முளைகளுக்கு ஒரு செவ்வந்தி இதழ்கூடப் படவில்லை.

மறைந்தவரைப் பார்க்க வீட்டுக்குப் போனோம். முத்துமாரியும் வந்தாள். இப்போது அவள் நிரந்தரப் பணியாளர். கல்யாணம் ஆகவில்லை. அக்காவின் கணவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கூட்டம். புழுக்கம். யாரோ உள்ளே ஃபேன் போடச் சொன்னார்கள்.

"அது ஓடாதுங்க" என்றார் அவர். "நாலு மாசமா ஓடல. சொன்னா, ஊரு ஃபேனெல்லாம் பாத்துட்டு வந்து வூட்டு ஃபேனையும் நானே பாக்கணுமான்னு கேப்பா."

துக்க வீட்டில் சிரிக்கக் கூடாது. நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

தோழிகள் அல்ல என்று சொன்னேன். அந்தக் காலைக்குப் பிறகும் அவர் என்னிடம் அதிகம் பேசியதில்லை. 'ரைட்டரு' என்று கூப்பிடுவது மட்டும் நிற்கவில்லை. அதில் மரியாதை வந்துவிட்டதா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்க மாட்டேன்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது என்ன என்று யோசித்தேன். உள்ளங்கையில் எழுதியது அன்றைக்கே அழிந்துவிட்டது. வைத்திருப்பது ஒரு கேள்வி. 'பாத்தியா?' அதோடு, தான் செய்த தவறைக் கையில் எடுத்துக்கொண்டு ஈர ஷூவோடு மேலாளர் அறைக்கு நேராக நடந்த ஒருத்தியின் நடை. கேள்வி என்னிடம் வந்துவிட்டது. அந்த நடை இன்னும் வரவில்லை.

அடுத்த நாள் காலை வேலைக்குப் போனேன். மேஜையில் ஒரு தாள் காத்திருந்தது. குறை: பின்கதவுக் கண்ணாடி ஏறவில்லை. காரணத்துக்கான இரண்டாம் கட்டத்தில் யாரோ பென்சிலால் ஒரு பெயரை எழுதி வைத்திருந்தார்கள், நான் பேனாவால் எழுதுவதற்கு வசதியாக. பெயரை அழித்தேன். ஷூவை மாட்டிக்கொண்டு யார்டுக்குப் போய், அந்த வண்டியின் பின்கதவைத் திறந்தேன்.